வாசகர் கேள்வி – பதில்: மூஸ் மான் மீது வேட்டைக்காரர்களின் புகார்

கேள்வி: அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பணிபுரிகிறேன். மான் இனத்திலேயே மிகப் பெரிய மூஸ் மான்கள் பெருகியதால்தான், அவற்றைவிடச் சிறிய வெள்ளைவால் மான்கள் வேட்டைக்கு அகப்படுவதில்லை என்று என்னுடன் பணிபுரிவோர் குறைபட்டுக்கொள்கிறார்கள். இதில் உண்மை உண்டா?
– ஒரு வாசகர், நாஷுவா

பதில்: மூஸ் மான்கள் பெருகியது உண்மை, அவற்றின் மீது சுமத்தப்படும் பழி பெரும்பாலும் பொருந்தாது. 1970களில் உங்கள் மாநிலத்தில் சில பத்து மூஸ்களே இருந்தன. கைவிடப்பட்ட பண்ணை நிலங்கள் மீண்டும் காடாகியிருந்தன. மரம் வெட்டிய இடங்களில் இளந்தளிர்கள் செழித்தன. வேட்டைக்கும் நெடுங்காலமாகத் தடை இருந்தது. இவையெல்லாம் சேர்ந்து, 1990களின் பிற்பகுதிக்குள் அவற்றின் எண்ணிக்கையைப் பல ஆயிரங்களாக உயர்த்திவிட்டன. 1988இல் 75 உரிமங்களுடன் மூஸ் வேட்டை மீண்டும் தொடங்கியது.

இரண்டும் தளிர் தின்னும் விலங்குகள்தாம் என்றாலும், மூஸ் எட்டும் உயரத்தில் பெரும்பகுதி வெள்ளைவால் மானுக்கு எட்டாது. வெள்ளைவால் மானின் எண்ணிக்கையை முடிவு செய்வது பனிக்காலமே. வயிறு வரை பனி மூடிவிட்டால் மான் நடக்கவே திணறி, ஊசியிலை மரங்களின் அடியில் ஒதுங்கி, கிடைத்ததைத் தின்று பட்டினியோடு போராடுகிறது; அதே பனியில் மூஸ் நெடிய கால்களால் எளிதாக நடந்துபோகிறது. கடும்பனி கண்ட ஆண்டுக்குப் பின் மான் குறைந்தால், காட்டில் கண்ணில் படும் மூஸின் மீது பழி விழுகிறது.

உண்மையில் தீங்கு எதிர்த்திசையில்தான் செல்கிறது. வெள்ளைவால் மானின் உடலில் வாழும் ஒரு மூளைப்புழு, மானுக்குப் பெரிய கேடு செய்வதில்லை. அதன் குஞ்சுப்புழுக்கள் மானின் சாணத்தின் வழியாக நத்தைகளுக்குள் புகுகின்றன; இலையோடு அந்த நத்தையையும் மூஸ் விழுங்கிவிட்டால், புழு நரம்பு மண்டலத்தைச் சிதைக்கிறது. நோயுற்ற மூஸ் தலை சாய்ந்து, ஒரே இடத்தில் வட்டமிட்டு, பின்னங்கால் வலுவிழந்து மடிகிறது. மான்கள் அடர்ந்த காட்டில் மூஸ் செழிக்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம். புகார் கொடுக்கும் உரிமை மூஸுக்குத்தான் அதிகம்!

கேள்வி: சாலையில் மானைவிட மூஸ் ஆபத்தானது என்கிறார்களே?
– ஒரு வாசகி, மான்செஸ்டர்

பதில்: இந்த அச்சத்தில் மிகையே இல்லை. வளர்ந்த மூஸ் 400 கிலோவைத் தாண்டுவதும், தோள் உயரம் 2 மீட்டரை நெருங்குவதும் இயல்பு. மேசையின் கால்களைத் தட்டிவிட்டால் மேலிருப்பது நம் மீது சரிவதைப்போல, கார் அதன் கால்களை இடித்ததும் முழு உடலும் முன்கண்ணாடியின் மீதும் கூரையின் மீதும் விழுகிறது. கரும்பழுப்பு மயிர் இருளோடு கலந்துவிடுகிறது. கண்களோ முகப்பு விளக்கின் தாழ்ந்த ஒளிக்கு மேலே இருப்பதால், மானின் கண்களைப்போல மின்னி எச்சரிப்பதில்லை.

பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு, வசந்தத்தில் ஓரத்துப் பள்ளங்களில் தேங்குகிறது. குளிர்காலம் முழுவதும் உப்புச்சத்துக்கு ஏங்கிய மூஸ்கள், சேறாய்க் குழம்பிய அந்தப் பழுப்பு நீரைத் தேடி அந்தியில் வந்து நிற்கின்றன. நியூ ஹாம்ப்ஷயரின் வட கோடியிலுள்ள பிட்ஸ்பர்க் என்னும் ஊரருகே செல்லும் 3ஆம் எண் நெடுஞ்சாலையை ‘மூஸ் ஆலி’ (மூஸ் சந்து) என்றே அழைக்கிறார்கள். மே, ஜூன் மாதங்களிலும், இணைசேரும் செப்டம்பர், அக்டோபரிலும் இருட்டியபின் வேகத்தை நன்றாகக் குறையுங்கள். மோதல் தவிர்க்க முடியாததானால், பிரேக்கை அழுத்தி, விலங்கின் பின்புறத்தை நோக்கி வண்டியைத் திருப்பித் தலையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். தாய் கடந்துவிட்டதே என்று கிளம்பிவிடாதீர்கள்; கன்று பின்னால் வரக்கூடும்.

கேள்வி: மூஸ்கள் இன்னும் பெருகிக்கொண்டேதான் இருக்கின்றனவா?
– அதே வாசகி

பதில்: இல்லை. குளிர்காலம் சுருங்கியதால் உண்ணிகள் பெருகி, ஒரே கன்றின் மீது பல்லாயிரக்கணக்கில் ஒட்டி, இரத்தத்தை உறிஞ்சிக் கொல்கின்றன. அண்டை மாநிலமான வெர்மான்ட் 2019இல் மூஸ் வேட்டையை நிறுத்தியது. மறு ஆண்டே, மூஸ் நெருக்கமாக வாழும் வடகிழக்கு மூலையில் மட்டும் மீண்டும் அனுமதித்தது. மூஸ்களின் நெருக்கம் தணிந்தால் உண்ணியும் குறையும் என்பது அம்மாநிலத்தாரின் கணக்கு.