பிள்ளைகளின் தலைவலியும் முகவலியும்: கேள்வி பதில்

கேள்வி (வேலந்தாவளம், ஒரு தாய்): டாக்டர் ஐயா, பதினான்கு வயது மகளுக்குப் பல் துலக்கும்போது வலக் கன்னத்தில் கரண்ட் அடித்தது போலச் சுண்டி இழுக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முகத்தில் பட்டாலும் அதே வலிதான். கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியும் குறையவில்லை.

பதில்: அடுத்த பல்லைப் பிடுங்க இப்போது சம்மதிக்காதீர்கள். முகத்தின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுசெல்லும் ஐந்தாம் நரம்பு நெற்றி, கன்னம், தாடை என மூன்று கிளைகளாகப் பிரிகிறது. தண்ணீரோ காற்றோ பட்ட மாத்திரத்தில் வெட்டி, சில நொடிகளில், மிஞ்சினால் 2 நிமிடத்தில் அடங்கும் வலி அந்த நரம்பின் வலியாக இருக்கலாம். பெரும்பாலும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கே வரும் இந்நோய் பிள்ளைகளிடம் மிக அரிது. அதனாலேயே, நரம்பை இரத்தக்குழாயோ கட்டியோ அழுத்துகிறதா, நரம்பின் உறை சிதைந்திருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தாக வேண்டும். நரம்பு மருத்துவர் பெரும்பாலும் கார்பமாசெபினில் தொடங்குவார். அதைச் சாப்பிடும்போது தோலில் தடிப்போ வாயில் புண்ணோ கண்டால் அன்றே அவரிடம் காட்டுங்கள்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை, ஒரு தந்தை): எட்டு வயது மகன் தலையைப் பிடித்துக்கொண்டு பள்ளியிலிருந்து வருகிறான், வாந்தி எடுத்துத் தூங்கி எழுந்தால் தெளிந்துவிடுகிறான். இரண்டு பக்கமும் வலிப்பதால் ஒற்றைத் தலைவலி இல்லை என்கிறார்கள். நடிக்கிறானோ?

பதில்: நடிக்கவில்லை. இது ஒற்றைத் தலைவலிதான். மலையாளத்தில் சென்னிக்குத்து என்று சொல்லும் அந்த வலி, சிறு பிள்ளைகளுக்கு நெற்றியின் இரு பக்கமும் வருவதே வழக்கம். காலைப் பலகாரத்தைத் தவிர்ப்பதும் தூக்கம் குறைவதும் அதைக் கிளப்பிவிடும். வலி தொடங்கியதும் எடைக்கேற்ற அளவில் பாரசிட்டமால் கொடுத்து இருட்டறையில் படுக்க வையுங்கள், ஆஸ்பிரின் கூடாது. மாதத்தில் 15 நாள் மாத்திரை என்று மாதக்கணக்கில் போனால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும்.

கேள்வி (மீனாட்சிபுரம், ஒரு பாட்டி): பேத்திக்கு நெற்றியில் ஒரு பக்கம் மட்டும் எரிச்சலும் கொப்புளமும். அக்கி எழுதலாமா, ஐயா?

பதில்: காவியைக் குழைத்துச் சிங்கம் வரையும் குயவரின் கைமேல் எனக்கும் மரியாதை உண்டு, அம்மா. ஆனால் சின்னம்மை போன பிறகும் நரம்பில் ஒளிந்திருக்கும் கிருமியே அக்கியாக வெளிப்படுகிறது. நெற்றியிலும், குறிப்பாக மூக்கு நுனியிலும் வந்தால் கருவிழியைப் பாதிக்கக்கூடும். அசைக்ளோவிர் மருந்தைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. இன்றே கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

கேள்வி (கோபாலபுரம்): எந்தத் தலைவலிக்கு உடனே ஓட வேண்டும்?

பதில்: தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, விடியற்காலை வாந்தி, இரட்டைப் பார்வை, தள்ளாடும் நடை, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு. இவற்றில் ஒன்று இருந்தாலும் பாலக்காடா கோவையா என்று யோசிக்காமல், எது பக்கமோ அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.