ஒற்றை யானை கூட்டத்திலிருந்து துரத்தப்பட்டதா?

கேள்வி: வால்பாறையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ஓர் ஆண் யானை தனியாகத் திரிகிறது. கூட்டம் துரத்திவிட்டதால் வெறிகொண்டு அலைகிறது என்கிறார்கள். பிடித்து வேறு காட்டில் விட்டால் தொல்லை தீருமா?

பதில்: துரத்தப்பட்ட யானை என்பது பரவலான எண்ணமே தவிர, தனித்துத் திரிவது வளர்ந்த ஆண் யானையின் இயல்பான வாழ்க்கை. யானைக் கூட்டம் என்பது மூத்த பெண் யானையின் தலைமையில் அதன் மகள்களும் பேத்திகளும் சேர்ந்து வாழும் தாய்வழிக் குடும்பம். அதில் பிறந்த ஆண் கன்றுகள் 10 முதல் 15 வயதுக்குள் படிப்படியாக விலகிவிடுகின்றன. நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் நிகழாமல் இருக்க இந்த விலகல் உதவுகிறது.

பெண் யானை ஏறத்தாழ 20 முதல் 22 மாதங்கள் கருச்சுமந்து, கன்றைப் பல ஆண்டுகள் பாலூட்டி வளர்ப்பதால், நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் இணைசேரத் தயாராகிறது, அதுவும் சில நாட்களுக்கு மட்டுமே. கன்று வளர்ப்பில் ஆணுக்குப் பங்கே இல்லை. எனவே பரந்த நிலப்பரப்பில் அலைந்து அத்தகைய பெண்ணைத் தேடுவதும், போட்டி ஆண்களை உடல் பலத்தால் வெல்வதுமே அதன் வேலை. ஆண்கள் துணிந்து பயிர்களுக்குள் இறங்குவதை யானை ஆய்வாளர் ராமன் சுகுமார் இதனோடுதான் இணைத்து விளக்கினார்: சத்துமிக்க பயிரை உண்டு உடல் பெருத்தால் இனப்பெருக்கத்தில் ஆதாயம் உண்டு என்பதால், உயிராபத்தையும் அவை ஏற்கின்றன.

பிடித்து அப்புறப்படுத்துவதை, மனித உயிருக்குத் தொடர்ந்து ஆபத்து நேரும் நிலையில் மட்டுமே கருதத்தக்க கடைசி வழியாகவே நான் கொள்கிறேன். 2023 ஏப்ரலில் கேரளத்தின் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்ற ஆண் யானை, ஒரு மாதம் ஆவதற்குள் கம்பம் நகருக்குள் நுழைந்தது. மூத்த ஆண்கள் இல்லாமல் போவதும் சிக்கலே. தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பர்க்கில் பெரியவர்களே இல்லாமல் வளர்ந்த இளம் ஆண்களுக்கு உரிய வயதுக்கு முன்பே மதம் பிடித்து, 1992 முதல் 1997 வரை 40க்கும் மேற்பட்ட காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998இல் ஆறு முதிர்ந்த ஆண்களைக் கொண்டுவந்து விட்ட பிறகே அது நின்றது. (அவை ஆப்பிரிக்க யானைகள் என்பதால் இங்கே அப்படியே பொருத்திவிட முடியாது.)

உங்களுக்குத் தேவையானது மதக்காலத்தை அடையாளம் காண்பது. கண்ணுக்கும் காதுக்கும் இடையே மதநீர் வழிந்து கன்னம் கறுத்திருந்தாலோ, சிறுநீர் சொட்டிப் பின்னங்கால்கள் நனைந்திருந்தாலோ, வழக்கமாக விலகிப் போகும் யானைகூடத் தாக்கக்கூடும். இந்நிலை சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை நீடிக்கலாம் என்பதால், அதுவரை அந்தப் பகுதியில் இலை பறிக்க ஆள் அனுப்பாமல், வனத்துறைக்கு உடனே தெரிவியுங்கள். மற்ற நாட்களிலும் அந்தி முதல் விடியல் வரை தனியே நடப்பதைத் தவிர்த்து, உங்கள் ஊரில் நடைமுறையில் உள்ள கைப்பேசிக் குறுஞ்செய்தி, சிவப்பு விளக்கு எச்சரிக்கைகளைப் பார்த்த பிறகே வெளியே கிளம்புங்கள்.