கழிவு எடுக்கவில்லை, அதனால் காட்டவும் இல்லை

கேள்வி: நியூஜெர்சியில் வேலை பார்க்கிறேன். கம்பெனியில் 401(கே) என்ற ஓய்வுக்கால சேமிப்புத் திட்டம் இருக்கிறது, சம்பளமும் வரம்பைத் தாண்டிவிட்டது. அதனால் டிரடிஷனல் ஐஆர்ஏ என்ற தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கில் போடும் பணத்துக்கு வரிக்கழிவு கிடையாது என்றார்கள். இருந்தாலும் 2019 முதல் 2022 வரை வருடம் 6,000 டாலர் போட்டேன். கழிவு எடுக்காததால் ரிட்டர்னில் எதையும் காட்டவில்லை. அந்தக் கணக்கில் இப்போது 30,000 இருக்கிறது. அதை ரோத் ஐஆர்ஏவுக்கு (வரி கட்டிய பணத்தைப் போட்டு, ஓய்வில் வரியில்லாமல் எடுக்கும் கணக்கு) மாற்ற ஆசை. பழைய கம்பெனியின் 401(கே)யிலிருந்து வந்த 90,000 இன்னொரு ஐஆர்ஏவில் கிடக்கிறது. ஏதாவது சிக்கல் வருமா?

பதில்: வரும். ஆனால் சரிசெய்யக்கூடியதுதான்.

நீங்கள் நினைத்ததற்கு விஷயம் நேர் எதிர். கழிவு எடுக்காததால்தான் காட்டியிருக்க வேண்டும். நீங்கள் போட்ட 24,000 ஏற்கெனவே வரி கட்டிய பணம். வெளியே எடுக்கும்போது அதற்கு மறுபடி வரி கட்டத் தேவையில்லை. இது அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கு எப்படித் தெரியும்? நிதி நிறுவனம் அனுப்பும் 5498 படிவத்தில் எவ்வளவு போட்டீர்கள் என்று இருக்குமே தவிர, கழிவு எடுத்தீர்களா என்று இருக்காது. அதைச் சொல்வது 8606 படிவம். அதன் 14ஆவது வரியில் நிற்கும், ஏற்கெனவே வரி கட்டிய தொகைக்கு 'பேசிஸ்' என்று பெயர். அடுத்து 8606 நிரப்பும்போது அது 2ஆவது வரியில் ஏறும். உங்களுக்கு அந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே இல்லை.

முதலில் பழைய ரிட்டர்ன்களை எடுத்து, அவற்றோடு இணைந்த ஷெட்யூல் 1 படிவத்தில் ஐஆர்ஏ கழிவுக்கான இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். சாஃப்ட்வேர் தானாகவே கழித்திருந்தால் கதையே வேறு. காலிதான் என்றால், அந்தந்த வருடத்துக்குரிய 8606 படிவத்தை இறக்கி, நான்கையும் வரிசையாக நிரப்புங்கள். நான்காவதன் 14ஆவது வரியில் 24,000 வர வேண்டும். வரித்தொகை மாறாததால், படிவத்தைத் தனியாகவே கையெழுத்திட்டு அனுப்புவது வழக்கம். நானும் அப்படித்தான் செய்வேன். தாக்கல் செய்யாததற்கு அபராதம் படிவத்துக்கு 50 டாலர், மொத்தம் 200. நியாயமான காரணம் இருந்தால் தள்ளுபடி உண்டு என்பதால், ஏன் விட்டுப்போனது என்று ஒரு பக்கக் கடிதத்தையும் சேர்த்து வையுங்கள். 5498 தொலைந்திருந்தால் ஐஆர்எஸ்ஸிடம் வருமான டிரான்ஸ்கிரிப்ட் கேளுங்கள், அதில் இருக்கும்.

பெரிய விஷயம் அந்த 90,000தான். அது தனிக் கணக்கு, இதைத் தொடாது என்று நினைப்பீர்கள். சட்டம் உங்கள் ஐஆர்ஏக்கள் எல்லாவற்றையும் ஒரே பானையாகத்தான் பார்க்கிறது. பாலில் தண்ணீர் கலந்த பிறகு பாலை மட்டும் மொள்ள முடியுமா? மொத்தம் 1,20,000. அதில் வரி கட்டிய பணம் 24,000, அதாவது 20 சதவீதம். 30,000ஐ ரோத்துக்கு மாற்றினால் 6,000க்குத்தான் வரி இல்லை. மீதி 24,000 அந்த வருட வருமானத்தில் சேரும்.

வழி இருக்கிறது. இப்போதைய கம்பெனியின் 401(கே) வெளியிலிருந்து வரும் பணத்தை ஏற்குமா என்று ஹெச்ஆரிடம் கேளுங்கள். ஏற்றால், வரி கட்டாத பகுதி முழுவதையும், அதாவது 90,000உம், நீங்கள் போட்ட 24,000 வளர்ந்து 30,000 ஆனதில் கூடிய 6,000உம் அங்கே தள்ளிவிடலாம். வரி கட்டிய பணத்தை அந்த வழியில் 401(கே)க்குள் விட மாட்டார்கள். நமக்கு அது வசதிதான். ஐஆர்ஏவில் 24,000 மட்டும் மிஞ்சும், அதை வரியில்லாமல் ரோத்துக்கு மாற்றலாம். விகிதக் கணக்கில் டிசம்பர் 31 அன்று இருக்கும் மீதியும் சேரும் என்பதால், எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். 2018 முதல் ரோத் மாற்றத்தைத் திரும்பப் பெற முடியாது. அதனால் 401(கே)யில் பணம் விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு மாற்றுங்கள்.

அப்புறம், நியூஜெர்சி மாநில வரியில் ஐஆர்ஏவுக்குக் கழிவே கிடையாது. எனவே மாநிலத்துக்கான பேசிஸைத் தனியாக எழுதி வையுங்கள். மனைவிக்கும் இதே மாதிரிக் கணக்கு இருந்தால் அவருக்கு வேறு 8606; சேர்ந்து ரிட்டர்ன் போட்டாலும் இந்தப் படிவம் ஆளுக்கு ஒன்று.