சிற்பத்தைச் சுற்றி வருதல்

அன்புள்ள ஐயா,

நான் ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியை. சென்ற முறை வகுப்பைக் கலை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றபோது ஒவ்வொரு சிற்பத்தின் பெயரையும் செய்தவரையும் காலத்தையும் விளக்கினேன். சிறிது நேரத்துக்குமேல் யாரும் கவனிக்கவில்லை. ‘தொடாதே’ என்று சொல்லியே பாதிப் பொழுது போயிற்று. இந்த வயதில் சிற்பத்தைப் பற்றி உண்மையிலேயே எதையாவது கற்றுத்தர முடியுமா? ஆடையற்ற உருவங்களைப் பார்த்து அவர்கள் சிரித்தால் என்ன செய்வது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

முடியும். பெரியவர்களைவிட அவர்களுக்கு எளிதாகவே கற்றுத்தர முடியும் என்று நம்புகிறேன். பெயரும் காலமும் சிற்பத்தின் அருகே உள்ள அட்டையில் இருக்கின்றன; அவற்றை வாசித்துக்காட்டும் பொறுப்பை நீங்கள் இறக்கி வைத்துவிடலாம். ஓவியத்தை எதிரே நின்று பார்க்கலாம், சிற்பத்தையோ சுற்றி வந்துதான் பார்க்க முடியும் என்ற ஒன்றை மட்டும் அன்றைக்குத் தங்கள் கால்களால் அறிந்துகொண்டு அவர்கள் திரும்பினாலே அது நிறைவான பாடம். அதற்கு இரண்டு மூன்று சிற்பங்களுக்குமேல் தேவையில்லை.

பிரெஞ்சுக் கலைஞர் எட்கார் டெகா 1881-இல் பாரிஸில் காட்சிக்கு வைத்த ‘பதினான்கு வயதுச் சின்ன நடனக்காரி’யை எடுத்துக்கொள்ளுங்கள். மூலச் சிற்பம் மெழுகாலானது. அவர் 1917-இல் மறைந்த பிறகு வார்க்கப்பட்ட வெண்கலப் பிரதிகள் பல நாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டர், அதாவது உங்கள் மாணவர்களைவிடச் சற்றுக் குள்ளம். முன்னால் நின்றால் உயர்த்திய மோவாயும் பாதி மூடிய கண்களும் தெரியும். அவள் கைகள் எங்கே என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். ஒரு குழந்தை பின்பக்கம் போகும், மற்றவர்களும் தொடர்வார்கள். முதுகுக்குப் பின்னால் கோத்த கைகளையும், சடையில் கட்டிய நிஜத் துணி ரிப்பனையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். பாவாடையும் துணிதான். உலோகப் பெண்ணுக்கு ஏன் துணிப் பாவாடை என்று நிச்சயம் ஒருவர் கேட்பார். மெழுகு மூலத்தில் தலைமுடிகூட உண்மையானது என்பதைச் சொல்லுங்கள், அதற்குமேல் வேண்டாம். பிறகு அவளைப் போலவே கைகளைப் பின்னால் கோத்து, தலையை நிமிர்த்தி நிற்கச் சொல்லுங்கள். சற்று நேரத்தில் தோள் வலிக்கத் தொடங்கும்போது, திமிர் என்று முதலில் தோன்றிய அந்த முகம் களைப்பாகவும் இருக்கக்கூடும் என்பது விளக்கம் இல்லாமலே புரியும்.

பிரெஞ்சுச் சிற்பி ரோடானின் ‘சிந்தனையாளர்’, அதாவது மோவாயைக் கையில் தாங்கி உட்கார்ந்திருக்கும் மனிதரின் சிலை, முன்பும் இப்படிச் செய்யலாம். பலரும் நினைப்பதுபோல் அவர் வலது முழங்கையை வலது தொடையில் ஊன்றவில்லை, இடது தொடையில் ஊன்றியிருக்கிறார். குழந்தைகள் உட்கார்ந்து முயன்றால் உடம்பு முறுக்கிக்கொள்ளும். அதன் பிறகு அவர்கள் அந்த முதுகையும், இறுக மடங்கிய கால்விரல்களையும் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

தொட விரும்புவதைக் குறும்பாக எண்ணாதீர்கள். சிற்பத்தின் முன் எழக்கூடிய மிக நியாயமான ஆசை அது; ஆகவே தடையை மட்டும் சொல்லாமல் காரணத்தையும் சொல்வது அவர்களுக்கு நாம் தரும் மரியாதை. கையின் வியர்வையில் உள்ள உப்பும் எண்ணெய்ப் பசையும் வெண்கலத்தை அரிக்கும், பளிங்கில் கறையாக இறங்கும். வாடிகனில் புனித பேதுரு பேராலயத்திலுள்ள வெண்கலப் பேதுரு சிலையின் வலது பாதம், யாத்திரிகர்கள் நூற்றாண்டுகளாகத் தொட்டும் முத்தமிட்டும் விரல்களே தெரியாத அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. அதன் படத்தைப் புறப்படும் முன் காட்டுங்கள். கூடவே பளிங்குத் துண்டு, மரத்துண்டு, உலோகத் துண்டு ஆகியவற்றை வகுப்பிலேயே கையில் கொடுத்து எது குளிர்கிறது, எது கனக்கிறது என்று கேளுங்கள்.

செல்வதற்கு முந்தைய வாரத்தில் களிமண்ணில் ஓர் உருவத்தையும் சோப்புக்கட்டியில் ஓர் உருவத்தையும் செய்ய வைக்க முடிந்தால் மிக நல்லது. களிமண்ணில் தவறினால் மீண்டும் ஒட்டலாம், சோப்பில் வெட்டியது வெட்டியதுதான். மற்றவர்கள் தொடங்கிக் கைவிட்ட பளிங்குப் பாறையில் 1501 முதல் 1504 வரை உழைத்து, ஐந்து மீட்டருக்குமேல் உயர்ந்த ‘தாவீது’ சிலையை இத்தாலியச் சிற்பி மைக்கலாஞ்சலோ செதுக்கினார் என்பது, சோப்பு முயலின் காதைத் தவறி வெட்டிவிட்ட குழந்தைக்குத்தான் முழுதாக உறைக்கும். திரும்பி வந்த பின் பெயர்களைக் கேட்டுத் தேர்வு வைக்காமல், பார்த்த உருவத்தின் முதுகுப்புறத்தைக் களிமண்ணில் செய்யச் சொல்லுங்கள்.

மொத்த வகுப்பும் ஒரே சிலையைச் சூழ்ந்தால் யாராலும் சுற்றி வர முடியாது. ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெரியவர் ஒருவரை உடன் அனுப்புங்கள்.

ஆடையற்ற உருவங்களைக் கண்டு சிரித்தால் சிரிக்கட்டும். அதட்டினால்தான் அதில் ஏதோ வெட்கப்பட வேண்டியது இருப்பதாக அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். உடம்பு எப்படி நிற்கிறது, எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதைக் காட்டவே சிற்பி ஆடையை விலக்கியிருக்கிறார் என்று இயல்பான குரலில் சொல்லி, எந்தக் கால் என்று கேளுங்கள். எந்தெந்தச் சிற்பங்களைக் காட்டப் போகிறீர்கள் என்பதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே எழுதி அனுப்பிவிட்டால், பின்னர் எழக்கூடிய சங்கடங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்த்துவிடலாம்.

அன்புடன்