குதிகாலில் ஒரு துளை

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர் நாற்சந்தியில் நெசவாளர் சிலை வைக்கப்போகிறோம். ஆளைவிட ஒன்றரை மடங்கு, வெண்கலம். தத்ரூபமாகச் செய்வதா, நவீன பாணியிலா என்று குழுவில் ஒரே சண்டை. உள்ளே கான்கிரீட் நிரப்பிவிட்டால் நூறு வருஷம் அசையாது என்கிறார் ஒப்பந்தக்காரர். உங்கள் கருத்து?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஊருக்குச் சோறு போட்ட தொழிலுக்குச் சிலை வைக்க நினைத்தீர்களே, அதற்காகவே உங்களைப் பிடித்துவிட்டது. பாணிச் சண்டையை நீங்களே போட்டு முடித்துக்கொள்ளுங்கள். எந்தப் பாணியானாலும் பாவு (தறியில் நீளவாக்கில் கட்டிய நூல்கள்) விரியாத தறியில், குறுக்கு நூலைக் கொண்டோடும் நாடாவைச் செருகிவைக்காதீர்கள். தறியின் கீழுள்ள மிதிகட்டையில் கால் அழுந்தாமல் பாவு விரியாது. தறி தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

ஆனால் போகிறபோக்கில் கான்கிரீட் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாம், இரும்பால் பிழைத்த ஊர். 1904 உலகக் கண்காட்சிக்காக, கொல்லர்களின் ரோமானியக் கடவுள் வல்கனை 56 அடி உயரத்தில் வார்ப்பிரும்பில் செய்தார்கள். ஊர் திரும்பியதும் கையைத் தப்பாகப் பூட்டி, அதில் ஐஸ்கிரீம் கூம்பைக் கொடுத்து விளம்பரத்துக்கு நிறுத்திய கூத்தையெல்லாம் அந்தச் சாமி தாங்கிக்கொண்டது. 1930களில் மலைமேல் ஏற்றியபோது, ஆடாமல் நிற்கட்டும் என்று தோள்வரை கான்கிரீட் கொட்டினார்கள். அதைத்தான் தாங்கவில்லை. வெயிலிலும் குளிரிலும் இரும்பு விரிந்து சுருங்குவது ஓர் அளவு, கான்கிரீட் வேறோர் அளவு. இடுக்கில் நீர் தங்கியது, வெடிப்பு விட்டது. 1999இல் கழற்றி இறக்கி, கான்கிரீட்டை உடைத்தெடுத்து, உள்ளே எஃகுச் சட்டம் கொடுத்து 2004இல்தான் மறுபடி மக்கள் பார்வைக்கு வைக்க முடிந்தது.

வெண்கலச் சுவர் 5 மி.மீ. போதும். வார்ப்பு பொள்ளலாகவே, உள்ளே வெற்றாகவே இருக்கட்டும், பாரத்தை 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சட்டம் சுமக்கட்டும். சாதா இரும்பில் ஒரு போல்ட்கூட வேண்டாம். ஈரத்தில் வெண்கலத்தைத் தொட்ட இரும்பு சீக்கிரம் அரிக்கும். துருவோ இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்டு மூட்டையே பிளக்கும். நீர் புகாமல் அடைத்துத் தருகிறேன் என்பவரையும் நம்பாதீர்கள். மழை புகாவிட்டாலும் இரவில் உட்சுவர் வேர்க்கும். நீர் தேங்கக்கூடிய இடம் ஒவ்வொன்றிலும், குதிகால், மடித்த முழங்கை, வேட்டி மடிப்பு எங்கும், 12 மி.மீ. துளை வேண்டும். சுண்டுவிரல் நுனி நுழைகிற அளவு. ஈர்க்குச்சி அளவில் போட்டால் தூசியும் குளவி மண்ணும் அடைத்துவிடும்.

நிறுத்துவதற்கு முன் கழுத்து மூட்டு வழியாக ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கீழேயும் ஒரு குடம் வரவேண்டும். அரைக் குடம்தான் வந்தது என்றால், மீதி எந்த மடிப்பில் நிற்கிறது என்று சிற்பியும் ஒப்பந்தக்காரரும் தேடட்டும். அதுவரை பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள்.