உனக்கு மட்டும் சொல்கிறேன்

அன்புள்ள ஐயா,

கூடப் படித்தவர்களின் வாட்ஸப் குழுவில் போன வாரம், ஒரு தோழிக்கு விவாகரத்து ஆகிவிட்டதாகப் பேச்சு வந்தது. நானும் வெளியே இரண்டு பேரிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் அவளே வந்து "நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம்" என்று எழுதினாள். யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் யாரோ காலை வணக்கம் போட்டார்கள். அவள்மேல் எனக்குப் பொறாமையோ கோபமோ கிடையாது. பிறகு ஏன் சொன்னேன்?

பெயர் வேண்டாம்

அன்புள்ள வாசகிக்கு,

கறுப்பாக வாந்தி எடுத்தவன் கதை தெரியும்தானே? நாலு வாய் மாறியதும் அவன் காக்காய் காக்காயாக வாந்தி எடுத்தான். அந்த நாலு பேரில் ஒருவர்கூடப் பொய் சொல்ல நினைத்திருக்க மாட்டார். ஆல்போர்ட், போஸ்ட்மேன் என்ற உளவியலாளர்கள் இதைச் சோதித்து 1947-இல் புத்தகமாகவே எழுதினார்கள். ஒரு படத்தைப் பற்றி ஒருவர் அடுத்தவருக்குச் சொல்ல, அவர் இன்னொருவருக்குச் சொல்ல, ஐந்தாறு பேரைத் தாண்டுவதற்குள் சுமார் 70 சதவீத விவரங்கள் உதிர்ந்துபோயின. உங்கள் குழுவில் முதல் ஆள் என்ன எழுதினார் என்று மேலே தள்ளிப் பாருங்கள். "ரெண்டு பேரும் சேர்ந்து போட்டோ போட்டு ரொம்ப நாளாச்சே" என்பதுபோல ஏதாவது இருக்கும். (பாருங்கள், நானும் ஒன்றைக் கிளப்பிவிட்டேன்.)

சரி, ஏன் சொன்னீர்கள்? குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்து உறவை வளர்க்கின்றன. கூட்டம் பெருத்தபோது எல்லோருக்கும் பேன் பார்க்க நேரம் போதாமல், மனிதர்கள் அந்த வேலையைப் பேச்சிடம் கொடுத்துவிட்டார்கள் என்பது ராபின் டன்பார் என்ற மானுடவியலாளரின் கருத்து. எனக்கு இது பொருத்தமாகவே படுகிறது. "உனக்கு மட்டும் சொல்கிறேன்" என்றபோது அந்த இருவருக்கும் நீங்கள் கொடுத்தது நெருக்கத்தை. தோழியின் வாழ்க்கை அதற்கு ஒரு சாக்கு.

ஆனால் ஊருக்கே தெரிந்ததை ரகசியமாகச் சொல்ல முடியாது. புதிதாக ஒன்று வேண்டும், பொய்க்குப் புதிதாக இருப்பது சுலபம். ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்த 2018-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம் என்றது. தானியங்கிக் கணக்குகளைக் கழித்துப் பார்த்தும் பொய்தான் முந்தியது. முந்த வைத்தவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான்.

"நன்றாகத்தான் இருக்கிறோம்" என்பதை யாரிடம் போய்க் கிசுகிசுப்பது? அதனால்தான் காலை வணக்கம் வந்தது.

அது இருக்கட்டும். அந்த இரண்டு பேரிடம் மறுப்பையும் சொல்லிவிட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை.