ஏஇடி பெட்டியைத் திறக்கலாமா? பயிற்றுநரின் பதில்கள்

திடீரென இதயம் நின்றுபோனவருக்கு மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் கருவி ஏஇடி. அதைப் பற்றிச் சிங்கப்பூர் அடுக்குமாடிவாசிகள் கேட்டவற்றுக்கு முதலுதவிப் பயிற்றுநர் ஒருவர் அளித்த பதில்கள் இவை.

புளோக்கின் கீழ்த்தளத்தில், மின்தூக்கிக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி இருக்கிறது. பயிற்சி இல்லாத நான் அதைத் தொடலாமா? (இல்லத்தரசி, தோ பாயோ)

தாராளமாகத் தொடலாம். கருவியை இயக்கியதுமே அது பேசத் தொடங்கிவிடும். சொல்வதைச் செய்தால் போதும். சிகாகோ விமான நிலையங்களில் நடந்த ஆய்வொன்று 2002இல் வெளியானது. இதயம் தாறுமாறாகத் துடித்து விழுந்த 18 பேரில் 11 பேர் மீட்கப்பட்டனர். அவர்களில் 6 பேருக்கு உதவியவர்கள் அதற்குமுன் ஏஇடி பயிற்சியே பெறாதவர்கள். அந்த உதவியாளர்களில் மூவர் மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களுக்கு அந்தப் பட்டமும் இல்லை.

நன்றாக இருக்கும் இதயத்துக்குத் தவறுதலாக மின்னதிர்ச்சி கொடுத்துவிட்டால்? (மாணவர், ஜூரோங்)

அந்த முடிவை நீங்கள் எடுப்பதில்லை, கருவி எடுக்கிறது. துடிப்பின் போக்கைப் படித்து, கட்டுக்கடங்காத துடிப்பாக இருந்தால் மட்டுமே அதிர்ச்சிக்கு அனுமதிக்கும். திரைப்படங்களில் துடிப்பே இல்லாமல் திரையில் நேர்கோடு ஓடும்போது மின்னதிர்ச்சி கொடுக்கிறார்களே, அந்த நிலையில் ஏஇடி மறுத்துவிடும். ஆனால், “அதிர்ச்சி தேவையில்லை” என்று கருவி சொன்னதுமே பலர் கையை எடுத்துவிடுகிறார்கள். ஆள் பிழைத்துவிட்டார் என்பது அதற்குப் பொருளல்ல. அவர் அசையவோ சரியாக மூச்சுவிடவோ தொடங்கும்வரை மார்பை அழுத்திக்கொண்டே இருங்கள்.

என் மாமா விழுந்தபோது குறட்டை விடுவதுபோல் மூச்சு வந்தது. மயக்கம் என்று எண்ணித் தண்ணீர் தெளித்தோம். அது என்ன மூச்சு? (வாசகர், ஈசூன்)

வகுப்புகளில் நான் அதிக நேரம் செலவிடுவது இந்த இடத்தில்தான். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில், தரையில் விழுந்த மீன் வாய் திறப்பதுபோல் சிலருக்கு விட்டுவிட்டு இழுப்பு வரும்; கரகரவென்று சத்தமும் கேட்கும். பார்ப்பவர்கள் “மூச்சு இருக்கிறது” என்று ஒதுங்கி நின்றுவிடுவார்கள். அது மூச்சல்ல. தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லையா? மார்பு சீராக ஏறி இறங்குகிறதா என்று 10 விநாடிக்கு மேல் போகாமல் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் இதயம் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொண்டு அழுத்தத் தொடங்குங்கள். அழுத்தமும் மின்னதிர்ச்சியும் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. உங்கள் குடும்பத்தைக் குறை சொல்லவில்லை. இதைச் சொல்லிக்கொடுக்காவிட்டால் யாருக்கும் தெரியாது.

விழுந்தவர் பெண்ணாக இருந்தால்? சேலை, தாலிச் சங்கிலி எல்லாம் இருக்குமே. (ஓட்டுநர், உட்லண்ட்ஸ்)

கூச்சத்தால் கை தயங்குகிறது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் மின்னதிர்ச்சியைச் செலுத்தும் ஒட்டுப்பட்டைகள் வெறும் தோலில்தான் ஒட்ட வேண்டும்: ஒன்று வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றொன்று இடது அக்குளுக்குக் கீழே விலாவில். ரவிக்கையும் உள்ளாடையும் குறுக்கே இருந்தால் வெட்டிவிடுங்கள். பெரும்பாலும் கருவியோடு கத்தரிக்கோல் இருக்கும். தாலியைக் கழற்றத் தேவையில்லை, பட்டைக்கு அடியில் சிக்காமல் ஒதுக்கினால் போதும். வியர்வையோ மழைநீரோ இருந்தால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். சுற்றி நிற்பவர்களைக் காணொளி எடுக்க விடாமல் முதுகைக் காட்டி மறைத்து நிற்கச் சொல்லுங்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கும் ஒரு வேலை ஆயிற்று!

நானும் கணவரும் மட்டும் 12ஆவது மாடியில் இருக்கிறோம். அவர் விழுந்தால் கருவியை எடுக்க நான் கீழே ஓட வேண்டுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, அங் மோ கியோ)

ஓடாதீர்கள், அம்மா. அவசர உதவி எண் 995ஐ அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டுத் தொலைபேசியைத் தரையில் வையுங்கள். எங்கே, எப்படி அழுத்துவது என்று மறுமுனையில் சொல்லித் தருவார்கள். நெஞ்சின் நடுவில், 5 செண்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. கதவைத் திறந்து வைக்கவும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடவும் மறக்க வேண்டாம். குடிமைத் தற்காப்புப் படையின் ‘மை ரெஸ்பாண்டர்’ செயலி, 400 மீட்டருக்குள் இருக்கும் தொண்டூழியர்களுக்குத் தகவல் அனுப்பும். கருவியோடு வருவது அவர்கள் பொறுப்பு. அழுத்துவது உங்கள் பொறுப்பு.

எங்கள் கோயிலுக்கு ஒன்று வாங்க நினைக்கிறோம். எங்கே வைப்பது? (கோயில் தொண்டூழியர்)

எங்கிருந்து ஓடினாலும் ஒன்றரை நிமிடத்துக்குள் எடுத்துவிடும்படி, எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் வையுங்கள். அமெரிக்கச் சூதாட்டக் கூடங்களில் காவலர்களிடம் ஏஇடி கொடுத்து நடத்திய ஆய்வு 2000இல் வெளியானது. 3 நிமிடத்துக்குள் முதல் அதிர்ச்சி பெற்றவர்களில் 74 விழுக்காட்டினர் பிழைத்தார்கள். அதற்குமேல் தாமதமானவர்களில் 49 விழுக்காட்டினர். ஆகவே அலுவலக அறையில் வைத்துப் பூட்டிச் சாவியைச் செயலாளரிடம் கொடுக்கும் வழக்கம் வேண்டாம். ஒட்டுப்பட்டைக்கும் மின்கலத்துக்கும் காலாவதி தேதி உண்டு. மாதம் ஒருமுறை அதையும் நிலைகாட்டும் விளக்கையும் பார்த்துக் கையெழுத்திட ஒருவரை நியமியுங்கள்.

குழந்தைகளுக்கு? (இளம் தாய், பொங்கோல்)

8 வயதுக்குள் என்றால் குழந்தைகளுக்கான பட்டையோ விசையோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பெரியவர்களுக்கானதையே பயன்படுத்தலாம். மார்பு சிறியதாக இருந்து இரண்டும் ஒன்றையொன்று தொடும்போல் தெரிந்தால், ஒன்றை நெஞ்சிலும் மற்றொன்றை முதுகிலும் ஒட்டுங்கள்.